வளர்ச்சி ஹார்மோனும் அதை ஏற்கும் உடலும்

ஒரு குழந்தை எவ்வளவு உயரம் வளரும் என்பதை அதன் உடலில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனின் அளவு மட்டுமே தீர்மானித்துவிடுவதில்லை. அந்த ஹார்மோன் கொண்டுவரும் செய்தியை ஏற்றுச் செயற்படும் நிலையில் உடல் இருக்கிறதா என்பது அதற்கு இணையான, பல வேளைகளில் அதனினும் பெரிய கேள்வியாகும். இரத்தத்தில் இந்த ஹார்மோன் மிகுந்திருந்தும் நான்கடி உயரத்தைத் தாண்டாத மனிதர்கள் ஈக்வடார் நாட்டின் மலைக் கிராமங்களில் வாழ்கிறார்கள். கடும் ஊட்டக்குறைவால் வாடும் குழந்தையின் இரத்தத்தில், வயிறார உண்டு வளரும் குழந்தையிடம் உள்ளதைவிட இது கூடுதலாகவே காணப்படுகிறது. முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றும் இந்த இரு செய்திகளையும் விளங்கிக்கொள்ள, ஒரு புரதம் எங்கே பிறக்கிறது, எதனுடன் இணைகிறது, எந்தெந்தத் துணைப் புரதங்களின் வழியாகத் தன் வேலையை முடித்துக்கொள்கிறது என்பதைப் படிப்படியாகத் தொடர்ந்து செல்ல வேண்டியிருக்கிறது.

மூளையின் அடிப்புறத்தில், மண்டையோட்டு எலும்பில் அமைந்த ஒரு சிறு பள்ளத்துக்குள் அரை கிராம் எடையளவில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் முன்மடலே வளர்ச்சி ஹார்மோனின் பிறப்பிடம். 191 அமினோ அமிலங்கள் ஒரே சங்கிலியாகக் கோக்கப்பட்டு, இரண்டிடங்களில் கந்தக அணுக்களின் பிணைப்பால் இறுக்கப்பட்டு உருவாகும் புரதம் இது. இதன் சுரப்பை மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி இரு எதிரெதிரான கட்டளைகளால் ஆள்கிறது. அவற்றுள் சுரப்பைத் தடுக்கும் சொமாட்டோஸ்டாட்டின் 1973ஆம் ஆண்டில் ரோஜர் கில்லமினின் ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டது. சுரப்பைத் தூண்டும் காரணியோ 1982இல், மூளையிலிருந்து அன்றி, கணையத்தில் தோன்றிய கட்டிகளிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அக்கட்டிகள் அக்காரணியை மிகுதியாகச் சுரந்து நோயாளிகளின் கைகால்களைப் பெருக்க வைத்திருந்தமையே அந்தத் தேடலுக்கு வழிகாட்டியது. 1999இல் ஜப்பானிய அறிஞர்களான கோஜிமாவும் கங்கவாவும் இரைப்பையிலிருந்து கிரெலின் என்னும் மூன்றாவது செய்தியாளரைக் கண்டெடுத்தபோது, பசியைத் தூண்டும் அதே பொருள் வளர்ச்சி ஹார்மோனின் சுரப்பையும் தூண்டுவது தெரியவந்தது. வயிற்றின் நிலைக்கும் இந்தச் சுரப்பிக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பது அன்று உறுதியானது.

இந்த ஹார்மோன் சீராக ஒழுகுவதில்லை. நாள் முழுவதும் அவ்வப்போது பீறிட்டெழுந்து அடங்கும் துடிப்புகளாகவே வெளிப்படுகிறது. அத்துடிப்புகளுள் மிகப் பெரியது, உறங்கத் தொடங்கியபின் வரும் முதல் ஆழ்ந்த உறக்கத்தின்போது எழுகிறது. இரத்தத்தில் கலந்த ஹார்மோனின் அளவு ஏறத்தாழ இருபது நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடுவதால், இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் இரத்தம் எடுத்துச் சோதித்தால் முழு நலமுள்ள குழந்தையிடமும் அது ஏறக்குறைய இல்லாததுபோலத் தோன்றும். ஒரேயொரு மாதிரியை நம்பிக் குறைபாடு என்று முடிவுகட்டுவது பெரும் பிழை என்பதும், குளோனிடின், குளுக்காகன் போன்ற மருந்துகளால் சுரப்பைத் தூண்டி, குறித்த இடைவெளிகளில் பலமுறை இரத்தம் எடுத்துப் பார்ப்பதே முறை என்பதும் இதனாலேயே.

பிட்யூட்டரிக்கும் உருவ வளர்ச்சிக்கும் உள்ள உறவு நோயிலிருந்தே முதலில் அறியப்பட்டது. கைகால்களும் தாடையும் பருத்துப்போன நோயாளிகளை 1886இல் பிரெஞ்சு மருத்துவர் பியேர் மாரி விவரித்து, அந்நிலைக்கு அக்ரோமெகலி என்று பெயரிட்டார். 1921இல் கலிஃபோர்னியாவில் ஹெர்பர்ட் எவன்சும் ஜோசப் லாங்கும் மாட்டுப் பிட்யூட்டரியின் சாற்றை எலிகளின் வயிற்றறைக்குள் நாள்தோறும் செலுத்தி, அவற்றை இயல்பை விஞ்சிய உருவத்துக்கு வளரச் செய்தார்கள். ஆனால் மாட்டிலிருந்து எடுத்த அதே ஹார்மோன் மனிதக் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டபோது எந்தப் பயனும் விளையவில்லை. கணையம் தரும் இன்சுலினை மாட்டிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் பெற்று மனிதரைக் காப்பாற்ற முடிந்திருந்த காலத்தில் இந்தத் தோல்வி பெரும் புதிராக இருந்தது. மனித உடலின் ஏற்பிகள் மாட்டு ஹார்மோனை ஏற்பதில்லை என்பதே அதன் விடை. மனிதனுக்கு மனிதனுடையதோ குரங்கினத்துடையதோதான் பயன்படும் என்பது 1950களில் தெளிவாயிற்று. பசுக்களின் பாலைப் பெருக்க அமெரிக்காவில் 1994 முதல் விற்கப்பட்ட மாட்டு வளர்ச்சி ஹார்மோனைப் பற்றி எழுந்த அச்சங்களுள், அப்பாலைக் குடிக்கும் குழந்தை அந்த ஹார்மோனால் அளவுமீறி வளர்ந்துவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படையில்லை என்று கூற இடமளிப்பதும் இந்த உண்மையே. பசுவின் நலம் குறித்த கவலைகள் வேறு வகையானவை, அவற்றுக்கு வலுவான அடிப்படை உண்டு.

ஏற்பி என்பது செல்லின் மேலுறையில் ஊன்றி நின்று, வெளியிலிருந்து வரும் குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் பற்றிக்கொண்டு, அதன் வருகையைச் செல்லின் உட்புறத்துக்கு அறிவிக்கும் புரதமாகும். வளர்ச்சி ஹார்மோனின் ஏற்பிக்குரிய மரபணு 1987இல் பிரித்தெடுக்கப்பட்டது. 1992இல் ஹார்மோனும் ஏற்பியும் இணைந்த நிலையின் படிக அமைப்பை ஊடுகதிரால் கண்டபோது எதிர்பாராத ஓர் உண்மை வெளிப்பட்டது. ஹார்மோனின் ஒரே மூலக்கூறை ஒன்றல்ல, இரண்டு ஏற்பிகள் இரு பக்கங்களிலிருந்தும், கூப்பிய உள்ளங்கைகளுக்கு இடையில் ஒரு மலரைப் பிடிப்பதுபோல, பற்றியிருந்தன. ஹார்மோனின் இரு முகங்களும் ஒன்றுபோல் இல்லாதபோதும் ஒரே வகை ஏற்பியே இரண்டையும் பற்றியது. இந்தப் பிடிப்பால் இரு ஏற்பிகளின் உள்முனைகளும் தமக்குள் இடம்மாறி அமையும்போது, அவற்றோடு ஒட்டியிருக்கும் ஜேக்-2 என்னும் நொதி விழித்தெழுந்து, ஸ்டாட்-5 என்னும் புரதத்தில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது; அப்புரதம் செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து வளர்ச்சிக்கு வேண்டிய மரபணுக்களை இயக்குகிறது.

இந்த இரட்டைப் பிடிப்பு ஒரு மருந்துக்கே வித்தாயிற்று. ஒஹாயோவில் ஜான் காப்சிக்கின் குழு மாட்டு ஹார்மோனின் 119ஆம் இடத்தில் உள்ள கிளைசின் என்னும் அமினோ அமிலத்தை மாற்றிவிட்டு, அவ்வாறு திருத்திய மரபணுவைச் சுண்டெலிகளுக்குள் புகுத்திப் பார்த்தது. மிகுதியான ஹார்மோனைச் சுமந்த அந்தச் சுண்டெலிகள் பெருத்து வளர்வதற்கு மாறாகக் குறுகிப்போயின. திருத்தப்பட்ட மூலக்கூறு ஒரு முகத்தால் ஏற்பியைப் பற்றிக்கொண்டு, மறுமுகத்தால் செயல்பட இயலாமல், உண்மையான ஹார்மோனுக்கு இடந்தராமல் அமர்ந்துவிட்டதே காரணம். இந்தக் கண்டுபிடிப்பிலிருந்து உருவான பெக்விசோமண்ட் 2003இல் அமெரிக்காவில் அக்ரோமெகலி நோய்க்கு மருந்தாக ஒப்புதல் பெற்றது.

எலும்பை நீளச் செய்வது வளர்ச்சி ஹார்மோன்தானா என்ற கேள்விக்கு 1957இல் சால்மன், டாகடே ஆகிய இருவரும் நடத்திய சோதனை முற்றிலும் புதிய விடையைத் தந்தது. குருத்தெலும்பு வளரும்போது தன் கட்டுமானத்துக்காகக் கந்தகச் சேர்மமான சல்பேட்டை உள்ளிழுத்துக்கொள்ளும். அந்தச் சல்பேட்டில் கதிரியக்கக் கந்தகத்தைக் கலந்துவிட்டால் வளர்ச்சியின் வேகத்தை அளந்துவிடலாம். பிட்யூட்டரி நீக்கப்பட்ட எலிகளின் குருத்தெலும்புத் துண்டுகளைக் கண்ணாடிக் கலத்தில் இட்டு, அவற்றின் மேல் வளர்ச்சி ஹார்மோனை நேரடியாகச் சேர்த்தபோது சல்பேட்டு உறிஞ்சப்படுவது சொல்லத்தக்க அளவில் கூடவில்லை. இயல்பான எலியின் சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்தபின் எஞ்சும் தெளிந்த நீரைச் சேர்த்தபோது நன்றாகக் கூடியது. பிட்யூட்டரி நீக்கப்பட்ட எலியின் சீரம் பயன்படவில்லை; ஆனால் அதே எலிக்கு முன்னதாக வளர்ச்சி ஹார்மோனைச் செலுத்திவிட்டு, அதன்பின் எடுத்த சீரம் மீண்டும் பயன்பட்டது. ஹார்மோன் உயிருள்ள உடலுக்குள் சென்று வேறொரு பொருளைப் பிறப்பிக்கிறது, குருத்தெலும்பைத் தூண்டுவது அந்த இரண்டாவது பொருளே என்ற முடிவைத் தவிர வேறு எதற்கும் இந்த விளைவுகள் இடங்கொடுக்கவில்லை. அடுக்கடுக்காக ஐயத்தை நீக்கிச் செல்லும் இச்சோதனையின் அமைப்பு, உயிரியல் பயிலும் ஒவ்வொரு மாணவரும் ஒருமுறையேனும் ஊன்றிப் படிக்க வேண்டிய ஒன்று.

அந்த இரண்டாவது பொருளை ரிண்டர்க்னெக்ட்டும் ஹும்பலும் மனித இரத்தத்திலிருந்து தூய்மைப்படுத்தி, 1978இல் அதன் அமினோ அமில வரிசையை வெளியிட்டார்கள். எழுபது அமினோ அமிலங்கள் கொண்ட அப்புரதம் இன்சுலினை வியக்கத்தக்க அளவில் ஒத்திருந்தமையால் இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி என்று அழைக்கப்படுகிறது. மருத்துவர்களிடையே ஐஜிஎஃப்-1 என்பதே வழக்கு. அதன் உடன்பிறப்பான ஐஜிஎஃப்-2 கருப்பையில் வளரும் சிசுவின் உருவாக்கத்தில் முதன்மை பெறுகிறது. பிட்யூட்டரி ஹார்மோன் இல்லாமலே பிறக்கும் குழந்தைகளும் பிறக்கும்போது ஏறத்தாழ இயல்பான நீளத்துடன் இருப்பதற்கும், குறைபாடு முதலாண்டுக்குப் பிறகே வெளிப்படையாகத் தெரிவதற்கும் காரணம், கருவின் வளர்ச்சி வளர்ச்சி ஹார்மோனைச் சார்ந்திராமல் இன்சுலினையும் இவ்விரு காரணிகளையும் சார்ந்திருப்பதே ஆகும்.

ஐஜிஎஃப்-1 இரத்தத்தில் தனித்துத் திரிவது மிகச் சிறிதளவே. அதைப் பிணைத்துச் சுமந்து செல்ல ஆறு வகைப் புரதங்கள் உள்ளன. அவற்றுள் மூன்றாவது வகை, கல்லீரல் உருவாக்கும் மற்றொரு பெரிய புரதத்துடனும் சேர்ந்து ஐஜிஎஃப்-1ஐத் தன்னுடன் பூட்டிக்கொள்கிறது. தனித்திருந்தால் சில நிமிடங்களில் மறைந்துவிடக்கூடிய ஐஜிஎஃப்-1 இந்தப் பிணைப்பால் பல மணி நேரம் நிலைக்கிறது. ஹார்மோன் துடிப்புத் துடிப்பாக எழுந்து விழுந்தாலும் ஐஜிஎஃப்-1இன் அளவு நாள் முழுவதும் பெரிதும் மாறாதிருப்பதால், சுரப்பின் நிலையை ஒரே இரத்த மாதிரியில் மதிப்பிட விரும்பும் மருத்துவர் ஹார்மோனை விட்டுவிட்டு இதையே அளக்கிறார்.

இரத்தத்தில் மிதக்கும் ஐஜிஎஃப்-1இல் பெரும்பகுதியைக் கல்லீரலே உருவாக்குகிறது. எனவே கல்லீரலே வளர்ச்சியின் உண்மையான ஆலை என்ற கருத்து நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது. அதற்கு முதல் அடி 1982இல் விழுந்தது. சுவீடனில் இசாக்சனும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் எலியின் ஒரு கால் எலும்பின் வளரும் முனையில் மட்டும் சிறிதளவு வளர்ச்சி ஹார்மோனைச் செலுத்தியபோது, அந்தக் கால் மட்டும் மற்றதைவிடக் கூடுதலாக நீண்டது. 1999இல் கல்லீரலில் மட்டும் ஐஜிஎஃப்-1 மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள் உருவாக்கப்பட்டபோது, அவற்றின் இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சரிந்திருந்தும் அவை இயல்பான உருவத்துக்கே வளர்ந்தன. எலும்பின் வளரும் முனையில் உள்ள செல்கள் ஹார்மோனை நேரடியாகவும் ஏற்கின்றன, தமக்கு வேண்டிய ஐஜிஎஃப்-1ஐத் தாமே அந்த இடத்திலேயே உருவாக்கியும் கொள்கின்றன என்பது இதனால் தெளிவாயிற்று. சால்மனும் டாகடேயும் கண்டது தவறன்று. அவர்கள் கண்ட பொருள் கல்லீரலில் மட்டுமின்றி, தேவைப்படும் இடந்தோறும் பிறக்கிறது என்பதே பின்னர் வந்த திருத்தம்.

அந்த வளரும் முனைக்கு வளர்தட்டு என்று பெயர். நீண்ட எலும்புகளின் இரு கோடிகளுக்கும் அருகில் உள்ள இந்த மெல்லிய குருத்தெலும்பு அடுக்கில் செல்கள் பெருகி, வரிசையாக அடுக்கப்பட்டு, பருத்து, இறுதியில் எலும்பாக மாறுகின்றன. குழந்தை உயர்வது இந்த இடத்தில்தான். பூப்புக் காலத்தின் முடிவில் இத்தட்டு முழுவதும் எலும்பாகி மூடிவிடுகிறது. இதை மூடுவது வளர்ச்சி ஹார்மோன் குறைவதால் நிகழ்வதன்று. ஆண்களிடத்திலும் பெண்களிடத்திலும் இதைச் செய்வது ஈஸ்ட்ரோஜனே என்பது, 1994இல் அமெரிக்க மருத்துவர்கள் அறிவித்த ஓர் ஆணின் நிலையிலிருந்து உறுதியாயிற்று. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் மரபணு பழுதுபட்டிருந்த அவர் 28 வயதிலும் வளர்தட்டு மூடாமல், 204 சென்டிமீட்டர் உயரத்தை எட்டியும் வளர்ந்துகொண்டிருந்தார். ஒருமுறை மூடிய தட்டை எவ்வளவு ஹார்மோன் செலுத்தினாலும் மீண்டும் திறக்க முடியாது. இருபத்தைந்து வயது இளைஞரை உயரமாக்குவதாக விளம்பரம் செய்வோர் அனைவரும் இந்த ஓர் உண்மையை மறைத்தே பணம் பெறுகிறார்கள்.

உயரம் நின்றபின்னும் ஹார்மோனின் வேலை நிற்பதில்லை. கொழுப்புச் செல்களில் சேமிக்கப்பட்ட கொழுப்பை உடைத்துக் கொழுப்பமிலங்களை வெளியேற்றுவது, தசைகளின் புரதத்தைக் காப்பது, இன்சுலினின் செயலுக்கு எதிராக நின்று இரத்தச் சர்க்கரையைக் கூட்டுவது, உப்பையும் நீரையும் உடலில் தேக்குவது ஆகியவை அதன் பணிகள். பிட்யூட்டரியை நீக்கிய நாய்களில் நீரிழிவு தணிவதையும், முன்மடலின் சாற்றைச் செலுத்தினால் நீரிழிவு கடுமையாவதையும் அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஊசே நிறுவி, 1947ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றார். தன் பிள்ளையான ஐஜிஎஃப்-1 இன்சுலினைப்போல் செயற்பட, தாயான வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினுக்கு எதிராகச் செயற்படுவது விந்தையாகத் தோன்றலாம். உண்ட காலத்தையும் உண்ணாத காலத்தையும் பிரித்துப் பார்க்கும்போது அதன் பொருத்தம் விளங்குகிறது.

உணவு கிடைக்கும்போது இன்சுலின் உயர்ந்து, அது கல்லீரலில் வளர்ச்சி ஹார்மோனின் ஏற்பிகளைப் பெருக்குகிறது. ஹார்மோனின் செய்தி ஐஜிஎஃப்-1 ஆக மாறி உடல் வளர்கிறது. உணவு கிடைக்காதபோது இன்சுலின் தாழ்ந்து, கல்லீரல் ஹார்மோனுக்குச் செவிசாய்க்க மறுத்து, ஐஜிஎஃப்-1 சரிகிறது. ஐஜிஎஃப்-1 குறைவதைக் கண்ட பிட்யூட்டரியோ மேலும் மேலும் ஹார்மோனைச் சுரக்கிறது. அந்த மிகுதியான ஹார்மோன் வளர்ச்சியை நடத்தாமல், சேமித்த கொழுப்பை எரித்துத் தசையைக் காக்கும் வேலையை மட்டும் செய்து குழந்தையின் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. வளர்வதற்கான பொருள் இல்லாதபோது வளர்ச்சியை ஒத்திவைத்து உயிரைக் காப்பாற்றும் இந்த ஏற்பாடு உடலின் மிக நுண்ணிய தற்காப்புகளுள் ஒன்று. குவாஷியோர்க்கர் என்னும் கடும் புரதக் குறைவு நோயில் ஹார்மோன் உயர்ந்தும் ஐஜிஎஃப்-1 தாழ்ந்தும் இருப்பது இதனாலேயே. தக்க உணவு கொடுக்கப்பட்டதும், குழந்தையின் உயரத்தில் மாற்றம் தெரிவதற்கு வெகு முன்னரே, ஐஜிஎஃப்-1 ஏறத் தொடங்கிவிடுகிறது.

இந்தியாவில் 2019–21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தமிழ்நாட்டில் இது 25 சதவீதம். இக்குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குப் பிட்யூட்டரியில் எந்தக் குறையும் இல்லை. தாயின் ஊட்டக்குறைவு, போதாத உணவு, மீண்டும் மீண்டும் வரும் வயிற்றுப்போக்கும் தொற்றும் ஆகியவை அவர்களுடைய உடலை ஹார்மோனின் செய்தியை ஏற்காத நிலையிலேயே நீண்டகாலம் நிறுத்திவிடுகின்றன. நான்கில் ஒரு குழந்தை என்பது ஒரு நலத்திட்ட மாநிலம் பெருமைப்படத்தக்க எண்ணன்று. சத்துணவிலும் அங்கன்வாடியிலும் தூய குடிநீரிலும் செலவிடப்படும் தொகையை வளர்ச்சிச் சிகிச்சை என்று கணக்கெழுதினாலும் அறிவியல் அதை மறுக்காது.

ஏற்பி பழுதுபட்டால் நேர்வது என்ன என்பதை இஸ்ரேலிய மருத்துவர் ஸ்வி லாரன் 1966இல் விவரித்த நோய் காட்டுகிறது. ஏமன் நாட்டு வழிவந்த யூதக் குடும்பம் ஒன்றின் மூன்று குழந்தைகளிடம், ஹார்மோன் குறைபாட்டின் எல்லா அடையாளங்களும் இருந்தும் இரத்தத்தில் ஹார்மோன் மிகுந்திருப்பதை அவர் கண்டார். ஏற்பியின் மரபணுவில் நேர்ந்த பிறழ்வே காரணம் என்று பின்னர் தெரிந்தது. இந்நோயுள்ளோர் பெருந்தொகையாக வாழ்வது ஈக்வடாரின் தெற்கே, லோஹா மாகாணத்தை ஒட்டிய மலைப்பகுதியில். பல நூற்றாண்டுகளாக நெருங்கிய உறவுக்குள்ளேயே மணமுடித்த குடும்பங்களில், ஸ்பெயினிலிருந்து வந்த மூதாதையர் கொண்டுவந்ததாகக் கருதப்படும் ஒரே பிறழ்வு பரவியிருக்கிறது. ஈக்வடார் மருத்துவர் ஹைமே கெவாரா-அகீரே அம்மக்களை இருபத்திரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, அமெரிக்க அறிஞர் வால்டர் லாங்கோவுடன் சேர்ந்து 2011இல் வெளியிட்ட முடிவுகள் மருத்துவ உலகைத் திகைக்க வைத்தன. ஏறத்தாழ நூறு பேரிடையே உயிருக்கு ஆபத்தில்லாத ஒரேயொரு புற்றுநோய் மட்டுமே காணப்பட்டது. அவர்களில் பலர் உடல்பருமன் கொண்டவர்களாயிருந்தும் ஒருவருக்கும் நீரிழிவு இல்லை. அதே ஊர்களில் வாழும் இயல்பான உயரமுள்ள உறவினரிடையே புற்றுநோய் 17 சதவீதமாகவும் நீரிழிவு 5 சதவீதமாகவும் இருந்தன.

இந்த முடிவுகளைக் கொண்டு அம்மக்களைப் பேறு பெற்றவர்கள் என்று கொண்டாடுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதியாகும். குழந்தைப் பருவத்தில் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்வதும் தொற்றுகளும் அவர்களை வாட்டுகின்றன. வளர்ந்தபின் விபத்தும் வலிப்பும் குடியும் அவர்களுள் பலரைக் கொண்டுசெல்வதால் அவர்கள் மற்றவர்களைவிட நீண்ட நாள் வாழ்வதில்லை. அக்குழந்தைகளுக்கு வேண்டியது ஐஜிஎஃப்-1 ஊசி. அமெரிக்காவில் 2005இல் ஒப்புதல் பெற்ற அம்மருந்து அவர்களை வளரச் செய்கிறது. எனினும் ஹார்மோன் இல்லாத குழந்தைக்கு ஹார்மோன் கொடுத்தால் கிட்டும் வளர்ச்சி அளவுக்கு இதில் கிட்டுவதில்லை. ஹார்மோன் வளர்தட்டில் நேரடியாகச் செய்யும் பணியை ஊசியால் இரத்தத்தில் கலந்த ஐஜிஎஃப்-1 முழுமையாக ஈடுசெய்ய இயலாததே காரணம்.

குறைவான ஹார்மோன் செய்திக்கும் நீண்ட வாழ்நாளுக்கும் உள்ள தொடர்பு விலங்குகளிடம் ஐயத்துக்கிடமின்றித் தெரிகிறது. பிட்யூட்டரி முறையாக உருவாகாத ஏம்ஸ் குறுஞ்சுண்டெலிகள் தம் இனத்தின் மற்றவற்றைவிடப் பாதிக்கும் மேல் கூடுதலாக வாழ்வதை பிரௌன்-போர்கும் பார்ட்கேயும் 1996இல் காட்டினார்கள். ஏற்பியின் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலி ஒன்று ஐந்தாண்டுகளை எட்டுவதற்குச் சில நாட்களே எஞ்சியிருந்தவரை வாழ்ந்தது. நேர்மாறாக, 1982இல் பால்மிட்டரும் பிரின்ஸ்டரும் எலியின் ஹார்மோன் மரபணுவைச் சுண்டெலிக்குள் புகுத்தி உருவாக்கிய வகையைச் சேர்ந்த பேருருவச் சுண்டெலிகள் சிறுநீரகம் பழுதாகி விரைவில் மடிகின்றன. நாய்களிலும் சிற்றினங்கள் பேரினங்களைவிட நெடுநாள் வாழ்பவை. அந்தச் சிற்றுருவத்தின் பெரும்பகுதி ஐஜிஎஃப்-1 மரபணுவின் ஒரே வகை மாற்றத்தால் விளைவது என்று 2007இல் கண்டறியப்பட்டது.

மிகுதியால் வரும் கேடு மனிதரிடத்தில் பெரும்பாலும் பிட்யூட்டரியில் தோன்றும் ஒரு கட்டியால் விளைகிறது. வளர்தட்டு மூடுமுன் அது தோன்றினால் பேருருவமும், மூடியபின் தோன்றினால் அக்ரோமெகலியும் உண்டாகும். மோதிரம் சேராமை, செருப்பளவு கூடுதல், பற்களுக்கிடையே இடைவெளி, குறட்டை, தணியாத தலைவலி என்று மெதுவாக வரும் அறிகுறிகளை வயதின் மாற்றம் என்று எண்ணிப் பல ஆண்டுகள் கடத்திவிடுகிறார்கள். அதற்குள் இதயநோயும் மூட்டுநோயும் நீரிழிவும் உடலை வீழ்த்தத் தொடங்கிவிடுகின்றன. 1783இல் இலண்டனில் இறந்த, பேருருவம் கொண்ட அயர்லாந்துக்காரர் சார்ல்ஸ் பைர்ன், தம் உடலை உடற்கூற்று அறிஞர்கள் கைப்பற்றிவிடாதபடி கடலில் இட வேண்டுமென்று விரும்பியும், அவருடைய எலும்புக்கூடு இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் காட்சிப்பொருளாக நின்றது. அவருடைய பற்களிலிருந்து எடுத்த டிஎன்ஏவில் காணப்பட்ட மரபணுப் பிறழ்வு இன்றும் வட அயர்லாந்தின் சில குடும்பங்களில் தொடர்வதை 2011இல் வெளியான ஆய்வு காட்டி, அக்குடும்பங்களில் நோயை முன்கூட்டியே கண்டறிய வழி செய்தது. அந்த எலும்புக்கூடு 2023இல்தான் காட்சியிலிருந்து அகற்றப்பட்டது. அது வெகு காலம் முன்பே செய்யப்பட்டிருக்க வேண்டிய செயல்.

குறைபாட்டுக்கான சிகிச்சையின் வரலாற்றில் ஒரு பெருந்துயரம் உண்டு. பாஸ்டன் மருத்துவர் மாரிஸ் ரேபன், இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து பிரித்தெடுத்த ஹார்மோனைக் கொண்டு ஒரு சிறுவனை வளரச் செய்ததை 1958இல் அறிவித்தார். அதன்பின் பல நாடுகளில் பிணக்கூறாய்வு அறைகளிலிருந்து சுரப்பிகள் ஆயிரக்கணக்கில் திரட்டப்பட்டு, பலருடைய சுரப்பிகள் ஒரே தொகுதியாகக் கலக்கப்பட்டு மருந்து தயாரிக்கப்பட்டது. 1985இல், அம்மருந்தைச் சிறுவயதில் பெற்ற இளைஞர்கள் குரோய்ட்ஸ்ஃபெல்ட்–யாக்கோப் நோயால் இறந்தமை வெளிப்பட்டது; மூளையைச் சிதைக்கும், மருந்தே இல்லாத அந்நோயின் காரணியான பிரியான் என்னும் பிறழ்ந்த புரதம் ஏதோ சில சுரப்பிகளிலிருந்து தொகுதி முழுவதற்கும் பரவியிருந்தது. பல நாடுகளில் மருந்து உடனே நிறுத்தப்பட்டபோதும், நோய் பல பத்தாண்டுகள் மறைந்திருந்து வெளிப்படுவதால் இறப்புகள் தொடர்ந்தன. பிரான்சில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே 1985இன் அக்டோபரில், பாக்டீரியாவுக்குள் மனித மரபணுவைப் புகுத்தி உருவாக்கிய ஹார்மோன் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றதால் சிகிச்சை மீண்டும் தொடர்ந்தது. நற்செயலின் பெயரால் செய்யப்படும் எதையும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்ற பாடத்தை அக்குழந்தைகளின் பெற்றோர் தாங்கொணாத விலைகொடுத்துக் கற்றார்கள்.

மருந்து வேண்டிய மட்டும் கிடைக்கத் தொடங்கியதும் வேறொரு தீங்கு முளைத்தது. 1990இல் டேனியல் ரட்மன் 61 முதல் 81 வயது வரையிலான பன்னிரண்டு ஆண்களுக்கு ஆறு மாதம் ஹார்மோன் செலுத்தியதில் கொழுப்பு நீங்கிய உடற்பகுதியின் எடை 8.8 சதவீதம் கூடி, கொழுப்பு 14.4 சதவீதம் குறைந்ததாக அறிவித்தார். இத்தனை சிறிய ஆய்வு முதுமையை வென்ற செய்தியாக விளம்பரங்களில் உருமாறியது. பின்னர் நடந்த ஆய்வுகள் கூடிய எடைக்கேற்பத் தசையின் வலிமை கூடவில்லை என்பதையும், வீக்கமும் மூட்டுவலியும் மணிக்கட்டு நரம்பு நெருக்கமும் சர்க்கரை உயர்வும் மிகுந்தன என்பதையும் காட்டின; கூடிய எடையில் ஒரு பகுதி தேங்கிய நீரே. குறைந்த ஹார்மோன் செய்தியுடன் வாழும் விலங்குகள் நெடுநாள் வாழ்கின்றன என்பதை அறிந்தபின்னும் முதியவர்களுக்கு அதை இளமை மருந்தென்று விற்பது அறிவியலுக்கு நேரெதிரானது. வாயில் தெளிக்கும் திரவமாகவும் மாத்திரையாகவும் விற்கப்படும் வளர்ச்சி ஹார்மோன் அதனினும் வெறுமையானது. 191 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதம் வயிற்றுக்குள் போனால் பருப்பிலுள்ள புரதத்தைப்போலவே செரிமானமாகிவிடும்.

உண்மையிலேயே இந்த ஹார்மோன் தேவைப்படும் குழந்தைகளோ காலத்தில் கண்டறியப்படாமல் போகிறார்கள். முதலாண்டில் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் வளரும் குழந்தை, நான்கு வயதுக்குப்பின் பூப்புவரை ஆண்டுக்கு ஐந்து அல்லது ஆறு சென்டிமீட்டர் வளர வேண்டும். அது நான்குக்கும் கீழே இறங்கினால் காரணம் தேடப்பட வேண்டும். ஐந்து வயதுவரை உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வளர்ச்சி வரைபடமும், அதன்பின் 18 வயதுவரை இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2015இல் வெளியிட்ட வரைபடமும் உள்ளன. இடது கையின் எக்ஸ்ரே படத்தைக் கொண்டு எலும்பின் வயதை அறிந்து, உணவு, இரத்தசோகை, தைராய்டு, குடல், சிறுநீரகம் ஆகியவற்றை முறையாகச் சோதித்தபின்னரே ஹார்மோன் சோதனைக்குச் செல்ல வேண்டும். குள்ளமான சிறுமிகளிடம் எக்ஸ் குரோமோசோம்களுள் ஒன்று முழுமையாகவோ பகுதியாகவோ இல்லாத டர்னர் நிலையையும் தேட வேண்டும். அவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை பல சென்டிமீட்டர் உயரத்தைக் கூட்டுகிறது, ஆனால் நான்கைந்து வயதில் தொடங்கியிருக்க வேண்டிய அச்சிகிச்சை, பூப்பெய்தவில்லையே என்று பதினைந்து வயதில் மருத்துவமனைக்கு அழைத்து வரப்படும் சிறுமிக்குப் பெரும்பகுதி பயனை இழந்தபின்தான் கிடைக்கிறது. பள்ளிகளில் ஆண்டுக்கு இருமுறை உயரம் அளந்து, முந்தைய அளவோடு ஒப்பிட்டு, வேகம் குறைந்த குழந்தையை உடனே மருத்துவரிடம் அனுப்புவதற்குச் சுவரில் பொருத்திய ஓர் அளவுகோலும் அந்த எண்ணைக் குறித்துவைக்கும் ஒரு பதிவேடும் அதைப் படித்துப் பார்க்கும் ஓர் ஆசிரியருமே போதும்.